பழைய லயத்துக்குப் போன பதில்: ஒரு வங்கித் தரவுக் கோரிக்கையின் நிகழ்வு ஆய்வு

## பின்னணி

இது மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய எஸ்டேட் பட்டணம் ஒன்றில் நடந்தது. ஊரின் பெயரையும் வங்கியின் பெயரையும் எழுதவில்லை. நான்கு தெருவும் ஒரு மாரியம்மன் கோயிலும் உள்ள ஊரில் இடத்தைச் சொன்னால் ஆளையும் சொன்னதாகிவிடும்.

சம்பந்தப்பட்டவர் 64 வயது அம்மாள். முதலில் பால்மரம் சீவினார். எஸ்டேட் செம்பனைக்கு மாறியபின் பழம் பொறுக்கினார். கணவர் வேலையிடத்தில் இறந்ததால் சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்திலிருந்து மாதந்தோறும் உதவித்தொகை வருகிறது. அந்தப் பணம் ஒரு வணிக வங்கியின் சேமிப்புக் கணக்கில் சேருகிறது. அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியும். மலாயில் கடைத்தெரு அளவுக்குப் பேசுவார், வாசிக்க மாட்டார். எஸ்டேட் நிலம் வீடமைப்புக்கு விற்கப்பட்டு லயங்கள், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகள், இடிக்கப்பட்டபின், பட்டணத்து ஓரத்தில் மலிவு விலை வீடு ஒன்றில் மகனோடு குடியிருக்கிறார்.

நான் அதே எஸ்டேட் அலுவலகத்தில் 28 ஆண்டுகள் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்தவன். இப்போது ஞாயிறு காலைகளில் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து, கேட்பவர்களுக்கு விண்ணப்பங்களும் கடிதங்களும் எழுதிக் கொடுக்கிறேன். அம்மாளை அழைத்துவந்தவர் ஈப்போவில் தொழிற்சாலை வேலை பார்க்கும் அவருடைய அண்ணன் மகள்.

## முதலில் கண்டது

அத்தையின் சேமிப்புப் புத்தகத்தைப் பல மாதங்களுக்குப் பிறகு பதிந்து வந்த அந்தப் பெண், ஒவ்வொரு மாதமும் 46 ரிங்கிட் 80 சென் கழிந்திருப்பதைக் கவனித்தார். 16 முறை கழிந்திருந்தது. மொத்தம் 748 ரிங்கிட் 80 சென். வங்கியின் தொலைபேசிச் சேவையைக் கேட்டபோது அது காப்புறுதிச் சந்தா என்றும், அம்மாள் கைப்பேசியில் ஒப்புக்கொண்ட பிறகே பிடிக்கப்படுகிறது என்றும் சொன்னார்கள்.

"நான் யாரிடமும் காப்புறுதி எடுக்கவில்லை, ஐயா" என்றார் அம்மாள். சற்று யோசித்துவிட்டு, "யாரோ கூப்பிட்டார்கள். அது கார்டு மாற்றுவதற்கு" என்றார்.

முதல் வேலையாகக் கிளைக்குப் போய்ச் சந்தாவை நிறுத்தக் கேட்டோம். அதற்குக் காப்புறுதி நிறுவனத்தின் படிவம் வேண்டும் என்றார்கள். படிவம் வந்து, பூர்த்தி செய்து, பிடித்தம் நிற்பதற்குள் இன்னும் மூன்று மாதச் சந்தா போய்விட்டது. ஆக 19 மாதம், 889 ரிங்கிட் 20 சென்.

அம்மாள் வெட்கப்பட்டார். தான் ஏமாந்துவிட்டதாக மகன் நினைப்பானே என்பதுதான் பணத்தைவிட அவரை வாட்டியது. உண்மையில் என்ன பேசப்பட்டது என்று தெரியவேண்டும் என்று அவரே கேட்டார். அதனால்தான் பணத்தோடு அந்தத் தொலைபேசி அழைப்பின் ஒலிப்பதிவு உள்ளிட்ட விவரங்களையும் வங்கியிடம் கேட்பது என்று முடிவு செய்தோம்.

## முதல் கடிதம், அதன் குறைகள்

மலாயில் ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கிளையின் முகப்பில் கொடுத்தோம். இனி வரும் நாள் கணக்கெல்லாம் அன்றிலிருந்துதான். "என் ஒப்புதல் பெறாமல் பணம் பிடித்திருக்கிறீர்கள். என்னைப் பற்றி வைத்திருக்கும் எல்லா விவரங்களையும் தாருங்கள், பணத்தையும் திருப்பித் தாருங்கள்" என்பது அதன் சாரம்.

34ஆம் நாள் போய்க் கேட்டபோது அப்படியொரு கடிதமே கோப்பில் இல்லை என்றார்கள். பெற்றதற்கான முத்திரை எங்களிடம் இல்லை. நான் வாங்கவில்லை. எஸ்டேட் அலுவலகத்தில் ஒரு பை உரம் வந்தாலும் கையெழுத்து வாங்கிய எனக்கு இது நேர்ந்திருக்கக் கூடாது.

முத்திரையோடு குறை முடியவில்லை. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை, அதாவது 709ஆம் சட்டத்தை எடுத்து வாசித்தபோது, எங்கள் கடிதம் சட்டத்தின் பார்வையில் தரவு அணுகல் கோரிக்கையே ஆகாது என்று வங்கி வாதிட இடமிருப்பது தெரிந்தது. 30ஆம் பிரிவுப்படி கோரிக்கை எழுத்தில் இருக்கவேண்டும், விதிக்கப்பட்ட கட்டணமும் செலுத்தவேண்டும். சாதாரணத் தனிநபர் தரவின் நகல் வேண்டுமானால் கட்டணம் 10 ரிங்கிட். நகல் வேண்டாம் என்றால் 2 ரிங்கிட். நாங்கள் எதுவும் கட்டவில்லை. 32ஆம் பிரிவு, கேட்பவர் யார் என்று உறுதிசெய்யவோ, கேட்ட தரவைத் தேடி எடுக்கவோ போதிய விவரம் தராவிட்டால் மறுக்கலாம் என்கிறது. நாங்கள் அடையாள அட்டை நகலை வைக்கவில்லை. "எல்லா விவரங்களும்" என்றுதான் கேட்டிருந்தோம். தரவையும் பணத்தையும் ஒரே கடிதத்தில் கேட்டதால் அது வெறும் வாடிக்கையாளர் புகாராகவும் தோன்றியிருக்கும்.

வங்கி பதில் தராதது தவறுதான். ஆனால் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு எந்த அலுவலகத்துக்கும் போய்த் தவறை நிரூபிக்க முடியாது.

## இரண்டாம் கடிதம்

41ஆம் நாள் புதிதாகத் தொடங்கினோம். இந்த முறை தரவுக்கு ஒரு கடிதம், பணத்துக்குப் பிறகு வேறொரு கடிதம் என்று பிரித்தோம். தரவுக் கடிதத்தில் கோபம் ஒரு சொல்லிலும் இல்லை. பணம் என்ற சொல்லே இல்லை, கட்டணத்தைத் தவிர.

யாருக்கு அனுப்புவது என்பதில் சட்டத்திருத்தம் உதவியது. 2024இல் நிறைவேறிய திருத்தத்தின்படி, பெருமளவில் தனிநபர் தரவைக் கையாளும் நிறுவனங்கள் 2025 ஜூன் 1 முதல் தரவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமித்திருக்கவேண்டும். வங்கியின் தனியுரிமை அறிவிப்பில் அவருக்கான முகவரி இருந்தது. அந்த அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கவேண்டும் என்பதுதான் சட்டம், தமிழில் இருக்கவேண்டியதில்லை. அம்மாளைப் போன்றவர்களுக்கு அது கடையில் தொங்கும் நாட்காட்டியின் பின்பக்கம் மாதிரி: அங்கே இருக்கிறது, பயனில்லை. இதை எழுதும்போதும் எனக்கு மனம் ஆறவில்லை.

கேட்டவற்றைப் பெயர் சொல்லிக் கேட்டோம். சந்தாவுக்கு ஒப்புதல் பெற்றதாகச் சொல்லப்படும் அழைப்பின் ஒலிப்பதிவு. அந்த அழைப்பு நடந்த நாள், நேரம், அழைக்கப்பட்ட எண். கணக்கில் பதிவாகியுள்ள முகவரி, கைப்பேசி எண், அவை கடைசியாக மாற்றப்பட்ட நாள். காப்புறுதி தொடர்பான விண்ணப்பமோ மின்பதிவோ இருந்தால் அதன் நகல். அம்மாளின் விவரங்கள் எந்த நிறுவனங்களுக்குக் கொடுக்கப்பட்டன என்பது. ஒலிப்பதிவு தனிநபர் தரவுதானா என்று அண்ணன் மகள் சந்தேகப்பட்டார். ஒருவரோடு நேரடியாகவோ மறைமுகமாகவோ தொடர்புடைய, அவரை இனங்காட்டக்கூடிய, வணிகப் பரிமாற்றம் ஒன்றைச் சார்ந்த தகவல் தனிநபர் தரவு என்றே சட்டம் வரையறுக்கிறது. அவருடைய குரலே பதிவாகியிருக்கும்போது அது அதற்குள் அடங்கும் என்று வாதிட்டோம்.

"காப்புறுதி நிறுவனத்தைக் கேளுங்கள்" என்று கிளையில் ஒருவர் முன்பே சொல்லியிருந்தார். அங்கே போகவில்லை. அழைத்தவர் வங்கியின் பெயரைச் சொல்லித்தான் பேசினார். எண் வங்கியிடமிருந்துதான் போயிருக்கவேண்டும். பணமும் வங்கிக் கணக்கிலிருந்துதான் போனது. ஆகவே வங்கியைத்தான் கேட்பது என்று நின்றோம்.

அம்மாளுக்காக அண்ணன் மகளே கோரிக்கை வைத்தார். தரவுக்குரியவர் எழுத்தில் அதிகாரம் கொடுத்த ஒருவர் அவருக்காகக் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. அதிகாரக் கடிதத்தில் அம்மாள் தமிழில் கையெழுத்திட்டார், வங்கிக் கணக்கில் உள்ள அதே கையெழுத்து. இருவரின் அடையாள அட்டை நகல்களிலும் குறுக்கே கோடிட்டு, "தரவு அணுகல் கோரிக்கைக்கு மட்டும்" என்று எழுதினோம்.

10 ரிங்கிட்டை எப்படிக் கட்டுவது என்பது எதிர்பாராத சிக்கல். முகப்பில் இருந்தவருக்கு அதை எந்தக் கணக்கில் வாங்குவது என்று தெரியவில்லை. கடைசியில், கட்டணத்தை அம்மாளின் சேமிப்புக் கணக்கிலிருந்தே பிடித்துக்கொள்ள ஒப்புதல் தருவதாகக் கடிதத்தில் எழுதினோம். இந்த ஒரு வரி பிறகு எங்களுக்குப் பெரிய சான்றானது.

புதிய வீட்டு முகவரியைத் தடித்த எழுத்தில் போட்டு, "பதில் இந்த முகவரிக்கு மட்டும்" என்றும் சேர்த்தோம். தலைமையகத்துக்குப் பெறுகைச் சான்று அட்டையோடு பதிவுத் தபாலில் ஒன்று போயிற்று. அதன் நகல் கிளைக்கு, இந்த முறை முத்திரையோடு. அட்டை திரும்பி வந்தபோது 44ஆம் நாள் பெறப்பட்டதாக இருந்தது. 31ஆம் பிரிவுப்படி பெற்ற நாளிலிருந்து 21 நாள்களுக்குள் வங்கி இணங்கவேண்டும். முடியாவிட்டால் அந்த 21 நாள்களுக்குள்ளேயே காரணத்தோடு எழுத்தில் அறிவித்து, மேலும் 14 நாள் எடுத்துக்கொள்ளலாம். எங்கள் கணக்கில் முதல் எல்லை 65ஆம் நாள், இறுதி எல்லை 79ஆம் நாள்.

## புத்தகத்தில் ஒரு வரி

65ஆம் நாள் கடந்தது. பதில் இல்லை, அறிவிப்பும் இல்லை.

மறுநாள் சேமிப்புப் புத்தகத்தைப் பதிந்து பார்த்தோம். 58ஆம் நாள் 10 ரிங்கிட் கழிந்திருந்தது. கடிதத்தை யாரோ வாசித்திருக்கிறார்கள்; கட்டணத்தை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இனி "கிடைக்கவில்லை" என்று சொல்ல முடியாது. அம்மாளுக்கு அன்றுதான் கோபம் வந்தது. "பத்து வெள்ளி எடுக்கத் தெரிகிறது, பதில் எழுதத் தெரியவில்லையா?" என்றார்.

67ஆம் நாள் நினைவூட்டல் அனுப்பினோம். பெற்ற நாள், கட்டணம் பிடித்த நாள், கடந்துபோன எல்லை ஆகிய மூன்றையும் எழுதி, ஏழு நாள் அவகாசம் கொடுத்தோம். பழைய கடிதத்தின் நகலையும் இணைத்தோம். அதற்கும் பதில் வரவில்லை.

## ஆணையரிடம் போன முடிவு

இந்த இடத்தில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. அண்ணன் மகள் மத்திய வங்கியான பேங்க் நெகாராவுக்கு எழுதலாம் என்றார். வங்கிகளை மேற்பார்வையிடுவது அதுதான் என்பதால் அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் நாங்கள் கேட்டது தரவு. அந்த உரிமையைத் தருவது 709ஆம் சட்டம். அதன் ஆணையரிடம் 104ஆம் பிரிவின்படி எழுத்தில் புகார் செய்யலாம். அவருடைய துறை டிஜிட்டல் அமைச்சின் கீழ் புத்ராஜெயாவில் இயங்குகிறது. ஆகவே அங்கே போவது என்று முடிவாயிற்று.

போகுமுன் அம்மாளிடம் இரண்டு விஷயங்களைத் தெளிவாகச் சொன்னேன். ஆணையர் நிறுவனத்தை விசாரிக்கலாம், திருத்திக்கொள்ள ஆணையிடலாம். அணுகல் உரிமை உள்ளிட்ட தரவுக் கோட்பாடுகளை மீறினால் 2025இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி 10 லட்சம் ரிங்கிட் வரை அபராதமும் உண்டு. ஆனால் அதில் ஒரு சென்னும் அம்மாளின் கைக்கு வராது. இழப்பீடு வாங்கித் தரும் வழி அதுவல்ல. அதற்காகவே பணப் புகாரை அதே வாரத்தில் வங்கியின் புகார்ப் பிரிவுக்குத் தனியாக அனுப்பினோம்.

75ஆம் நாள் ஆணையருக்குப் புகார் போயிற்று. இணைத்தவை ஆறு தாள்: கோரிக்கை, அதிகாரக் கடிதம், பெறுகைச் சான்று அட்டை, கிளை முத்திரையிட்ட நகல், 10 ரிங்கிட் பிடித்த புத்தகப் பக்கம், நினைவூட்டல். அதன் நகலை வங்கியின் தரவுப் பாதுகாப்பு அதிகாரிக்கும் அனுப்பினோம்.

இந்த மாதிரி வேலைக்கு வருபவர்கள் அடிக்கடி கேட்பதால் இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 709ஆம் சட்டம் மத்திய, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்தாது. கடன் தகவல் நிறுவனங்கள் தம் தொழிலுக்காகக் கையாளும் தகவலும் இதில் சேராது. அதற்கு 2010ஆம் ஆண்டின் 710ஆம் சட்டம் தனியாக இருக்கிறது. கடன் அறிக்கையில் பிழை என்று வருபவரை இந்த வழியில் அனுப்பினால் மாதங்கள்தான் வீணாகும்.

## பதில் எங்கே போயிற்று

88ஆம் நாள் வங்கியிலிருந்து அண்ணன் மகளுக்கு அழைப்பு வந்தது. தாங்கள் எதையும் புறக்கணிக்கவில்லை என்றார்கள். 62ஆம் நாளே 14 நாள் நீட்டிப்பு அறிவிப்பை அனுப்பியிருக்கிறார்கள்; 77ஆம் நாள் முழுக் கோப்பையும் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறார்கள். கோப்பு "பெறுநர் இல்லை" என்று திரும்பி வந்ததால்தான் அழைக்கிறார்கள்.

இரண்டும் போனது கணினியில் இருந்த முகவரிக்கு. அந்த முகவரி எஸ்டேட்டின் பெயர், லயத்தின் எண், "எஸ்டேட் அலுவலகம் மூலம்".

அந்த முகவரியை எனக்கு நன்றாகத் தெரியும். எஸ்டேட்டில் வீட்டுக்கு வீடு தபால் வந்ததில்லை. பட்டணத்திலிருந்து தபால் பை அலுவலகத்துக்கு வரும். நான் பிரித்து, லயம் லயமாக அடுக்கி, மாலைப் பெயர்க்கணக்கின்போது தண்டல்களிடம் (வேலை மேற்பார்வையாளர்களிடம்) கொடுத்தனுப்புவேன். எஸ்டேட் விற்கப்பட்ட அன்று அந்த ஏற்பாடும் முடிந்தது. அலுவலகம் இருந்த இடத்தில் இப்போது கடைவீடுகள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். முகவரியை மாற்றச் சொல்லி யாரிடமும் நாங்கள் சொல்லவில்லை, எனக்கே தோன்றவில்லை. எத்தனை குடும்பங்களின் வங்கிக் கடிதங்கள் அந்தப் பைக்காக வந்து திரும்பினவோ.

வங்கியின் பக்கத்தில் ஒரு நியாயம் இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். தரவுக் கோப்பைப் பதிவில் இல்லாத முகவரிக்கு அனுப்ப எந்த அதிகாரியும் தயங்குவார். மோசடிக்காரர்கள் அப்படித்தான் கேட்பார்கள். ஆனால் கடிதத்தில் இருந்த எண்ணுக்கு ஓர் அழைப்பு போதும். கையெழுத்தைச் சரிபார்த்துக் கட்டணம் பிடிக்க முடிந்தவர்களுக்கு, அதே கடிதத்தின் தலைப்பில் தடித்த எழுத்தில் இருந்த முகவரி ஏன் வேறாக இருக்கிறது என்று கேட்கத் தோன்றாதது கவனக்குறைவுதான். புகார் போயிருக்காவிட்டால் கோப்பு திரும்பி வந்ததும் அழைத்திருப்பார்களா? புகார்தான் அவர்களை அசைத்தது என்று சொல்ல எங்களிடம் சான்று இல்லை.

## ஒலிப்பதிவு

93ஆம் நாள் அம்மாள் நேரில் போய் அடையாள அட்டையைக் காட்டிக் கோப்பை வாங்கிவந்தார். ஒரு பென் டிரைவும் 11 பக்கங்களும். கேட்டவற்றில் நான்கு வந்தன. விவரங்கள் யாருக்குக் கொடுக்கப்பட்டன என்பதற்கு மட்டும் "வணிகக் கூட்டாளிகள், காப்புறுதி நிறுவனங்கள்" என்ற வகைப் பெயர்களே இருந்தன.

கோயில் மண்டபத்தில் என் மடிக்கணினியில் கேட்டோம். ஆறு நிமிடம் 12 விநாடி. அழைத்த பெண் வேகமான மலாயில் பேசினார். முதல் நிமிடத்திலேயே "புதிய கார்டு" என்ற சொல் வந்தது. அந்த மாதம் அம்மாளின் பணம் எடுக்கும் அட்டை உண்மையாகவே காலாவதியாக இருந்தது. பிறகு பாதுகாப்பு, குடும்பம், மாதந்தோறும் என்ற சொற்கள். அம்மாள் 11 முறை "யா" என்றார். ஓர் இடத்தில் மலாயில், "கார்டு எப்போது வரும்?" என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்லாமல் அந்தப் பெண் அடுத்த வரிக்குப் போனார்.

அம்மாள் மூன்று முறை கேட்டார். "என் குரல்தான். நான் கார்டுக்குத்தான் சரி என்றேன்" என்றார். மகனையும் கூப்பிட்டு அந்த இடத்தைப் போடச் சொன்னார். அன்று அவர் முகத்தில் இருந்த தெளிவை முன்பு நான் பார்த்ததில்லை.

கோப்பில் இன்னொன்றும் இருந்தது. காப்புறுதிப் பத்திரம் அனுப்பப்பட்ட முகவரியும் அதே பழைய லயம்தான். ஆயுள் காப்புறுதியில் பத்திரம் கைக்கு வந்தபின் 15 நாள்களுக்குள் வேண்டாம் என்று திருப்பித் தந்து கட்டிய பணத்தைப் பெறலாம். கைக்கே வராத பத்திரத்தை அம்மாள் எப்படித் திருப்பித் தந்திருக்க முடியும்?

## பணமும் திருத்தமும்

பணப் புகாருக்கு முதலில் ஆறு மாதச் சந்தா, 280 ரிங்கிட் 80 சென் தருவதாக எழுதினார்கள். "கார்டு எப்போது வரும்?" என்ற கேள்வி வரும் நிமிடத்தையும் விநாடியையும் குறிப்பிட்டு, பத்திரம் சேராததையும் எழுதி அனுப்பினோம். இரண்டாவதாக 12 மாதம், 561 ரிங்கிட் 60 சென் என்றார்கள்.

நான் மறுக்கச் சொன்னேன். 2025 ஜனவரி முதல் நிதிச் சந்தைக் குறைதீர்ப்புச் சேவை என்ற எஃப்எம்ஓஎஸ் இயங்குகிறது. வங்கிக்கும் காப்புறுதிக்கும் உரிய வழக்குகளைக் கட்டணமில்லாமல் கேட்கும். நிறுவனத்தின் இறுதி முடிவு வந்த ஆறு மாதத்துக்குள் போகவேண்டும். முழுத்தொகையும் கிடைக்க நல்ல வாய்ப்பு இருந்தது என்பதே இன்றும் என் கருத்து. அம்மாள் ஒப்புக்கொள்ளவில்லை. அண்ணன் மகள் இதற்காக ஏற்கெனவே ஐந்து நாள் சம்பளமில்லா விடுப்பு எடுத்திருந்தார். "அந்தப் பிள்ளையை இன்னும் அலைய விடக்கூடாது" என்றார். 12 மாதப் பணத்தை வாங்கிக்கொண்டார். முடிவு அவருடையது.

அதோடு 34ஆம் பிரிவின்படி முகவரியையும் கைப்பேசி எண்ணையும் திருத்தக் கேட்டோம். 43ஆம் பிரிவின்படி விற்பனை அழைப்புகளுக்கு அவர் விவரங்களைப் பயன்படுத்துவதை நிறுத்தவும் கேட்டோம். திருத்தியதாக, கேட்ட 16ஆம் நாளே கடிதம் வந்தது, புதிய வீட்டுக்கு.

## மறுபடி செய்வதானால்

முகவரியில்தான் தொடங்குவேன். கிளைக்கு நேரில் போய் அடையாள அட்டையைக் காட்டி முகவரியை மாற்றி, மாற்றியதற்கான தாளை வாங்கியபின்பே தரவுக் கோரிக்கையை அனுப்புவேன். 93 நாளில் பாதியாவது மிச்சமாகியிருக்கும். இரண்டாம் கடிதம் இருந்தது போலவே முதல் கடிதமும் இருக்கும். எல்லை கடந்தது என்பதை மட்டும் வைத்து ஆணையரிடம் போகமாட்டேன்; 21 நாள் அவகாசம் முடிந்ததும், நீட்டிப்பு அறிவிப்பு அனுப்பப்பட்டதா என்று ஒரு முறை தொலைபேசியில் கேட்டு, பேசியவரின் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்வேன். நாங்கள் 75ஆம் நாள் புகார் செய்தபோது, எங்களுக்குத் தெரியாத நீட்டிப்பின்படி வங்கிக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. அது எங்கள் புகாரைப் பலவீனப்படுத்தியிருக்கக்கூடும்.

அண்ணன் மகளின் விடுப்பு நாள்களையும் முன்பே கணக்கிட்டிருக்கவேண்டும். நேரில் போகவேண்டிய வேலைகளை ஒரே நாளில் சேர்த்திருந்தால் அம்மாள் இரண்டாம் தொகையோடு நிறுத்தியிருக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

ஆணையரிடம் கொடுத்த புகாரை அம்மாள் மீட்டுக்கொள்ளவில்லை. கோப்பு கிடைத்ததையும், யாருக்குக் கொடுத்தார்கள் என்ற கேள்விக்கு முழுப் பதில் வராததையும் எழுதித் தெரிவித்திருக்கிறோம். அதே லயங்களில் இருந்த மற்றக் குடும்பங்களில் பலருக்கு வங்கியிலும் காப்புறுதியிலும் இன்னும் எஸ்டேட் முகவரியே இருக்கிறது. இப்போது ஞாயிறு காலைகளில் முகவரி மாற்றக் கடிதங்கள்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம். இதுவரை 17 போயிருக்கின்றன. ஒவ்வொன்றின் நகலிலும் முத்திரை இருக்கிறது.